ஒரு போட்டோ, இரண்டு தாய்மாமன், நாலு பக்க பார்டர்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கழுத்து வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது.

தைலம் தேய்த்தாயிற்று. தலையணை இல்லாமல் படுத்துப் பார்த்தாயிற்று. யாராவது வலது பக்கமிருந்து கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கிறது... ரோடு ரோலர் திரும்புகிற மாதிரி. பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் ஒருவர், “என்ன சார், முந்தியெல்லாம் கூப்பிட்டாக் காதுலயே வாங்க மாட்டீங்க. இப்ப இம்புட்டு மரியாதையாத் திரும்புறீங்க!” என்று நெகிழ்ந்து போனார்.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு போட்டோவில் பெயர் எழுதினேன். அவ்வளவுதான். எல்லாரையும் போல போட்டோவுக்குக் கீழே மட்டும் எழுதியிருந்தால் கழுத்து பிழைத்திருக்கும். அப்படி எழுத விடவில்லையே!

எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்த வைபவத்தை முன்பே எழுதியிருக்கிறேன். ‘வார இதழுக்கு எழுதுகிற இந்தப் பத்தியை இனிமேல் டைப் அடித்தே அனுப்பலாம்’ என்று காரணம் சொல்லித்தான் வாங்கினேன். பத்தியை இன்னும் பேனாவில்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் சும்மா இருக்கக் கூடாதே என்று, கடைக்காரர் ஏற்றிக்கொடுத்த சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதில் ஒன்று போட்டோக்களைத் திருத்துவது.

அதை வைத்து வழுக்கையில் முடி நடலாமாம். தொப்பையைக் கரைக்கலாமாம். எனக்கு இரண்டுமே தேவைதான், இரண்டுமே வரவில்லை. வந்தது இரண்டே வித்தை. ஒன்று, போட்டோவைச் சுற்றி அகலமாக வெள்ளை பார்டர் கட்டுவது. இன்னொன்று, அந்த பார்டரில் எழுத்து போடுவது.

இது போதாதா ஒரு மனுஷன் கெட்டுப்போக?

ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். எல்லாப் படங்களையும் ஸ்கேன் செய்து, சி.டி.யில் வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் பார்டர் கட்டிப் பெயர் போட்டேன். நான் வைகையில் நிற்கிற படத்துக்கு ‘இது வைகை ஆறு’ என்று எழுதினேன். எழுதாவிட்டால் கிரிக்கெட் மைதானம் என்று நினைத்துவிடுவார்கள். மனைவி அடுப்படியில் நிற்கிற படத்துக்குக் கீழே, இருப்பதிலேயே பெரிய எழுத்தில், ‘என் மனைவி’ என்று போட்டு அவளையே கூப்பிட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏன், யாருக்குச் சந்தேகம் வந்துச்சு?” என்றாள்.

அதோடு நின்றேனா? எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுப் புது ஆல்பமே செய்துவிட்டேன். சமயநல்லூரிலிருந்து அவளுடைய சித்தி வந்தபோது பெருமையாக எடுத்து நீட்டினேன். இவள் காபி போட உள்ளே போனாள்.

போட்டோ ஆல்பம் என்பது நம் வீடுகளில் பார்க்கிற பொருளா, கேட்கிற பொருளா? நீங்களே சொல்லுங்கள். விருந்தாளி மடியில் ஆல்பம் இருக்கும். வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைப்பாள். ‘இது யாரு?’ ‘இது எங்க சின்ன மாமனாரோட மச்சினன். இந்தக் கல்யாணத்துலதான் பாயசம் பத்தலைன்னு பந்தியிலருந்து எந்திரிச்சுப் போனாரு.’ ‘அய்யய்யோ, அப்புறம்?’ இப்படி ஒரு பக்கம் புரள்வதற்குள் ஒரு காபி முடிந்து இன்னொரு காபி வரும்.

நான் என்ன செய்துவைத்திருந்தேன்? எல்லாப் படத்திலும் பெயர், முறை, ஊர், சந்தர்ப்பம் எல்லாம் அச்சாகி இருந்தது. சித்தி பாடப் புத்தகம் மாதிரி மடமடவென்று வாசித்து மூடிவிட்டார். கேள்வி கேட்க ஒன்றுமே இல்லை. இவள் காபியோடு வருவதற்குள் சித்தி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆல்பத்துக்கு வாய் வச்சீங்க. எனக்கு வாய் போச்சு” என்று சொல்லிவிட்டு டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் எதிர்வீட்டுச் செல்வி வந்தாள். “அண்ணே, நீங்க போட்டோல பேரு போடுறீங்களாமே?”

புகழ் தெருவைக் கடந்துவிட்டது! எவ்வளவு பெரிய வேலையாக இருந்தாலும் செய்து தருகிறேன் என்று, என்ன வேலை என்று கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டேன்.

செல்விக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கல்யாணமாகி பழங்காநத்தத்துக்கு வந்தவள். இரண்டு அண்ணன்மார். பெரியவர் ராசாங்கம் ஊரிலேயே விவசாயம். மழையை நம்பிக் கடலையும் சோளமும். சின்னவர் தவமணி இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறார். சமீபத்தில் செல்வியின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து நடந்தது. அதில் எடுத்த ஒரு போட்டோவைத்தான் கொண்டுவந்திருந்தாள்.

அருமையான படம். நடுவில் பிள்ளை. மொட்டைத் தலை, தலை முழுக்கச் சந்தனம், திறந்த வாய்க்குள் உள்நாக்கு வரை தெரிகிறது. இடது பக்கம் தவமணி, வலது பக்கம் ராசாங்கம். இரண்டு பேரின் கைகளுக்கும் நடுவே பிள்ளை அந்தரத்தில் நிற்கிறான். தலையைத் திருப்பி ராசாங்கத்தைப் பார்த்து அழுகிறான். அவன் வலது காதில் புதுக் கடுக்கன்.

“ஏன்மா, பிள்ளையை ஏன் இப்படி ஆகாயத்துல பிடிச்சிருக்காங்க?”

“மடி மாத்துறாங்கண்ணே. வலது காது பெரியண்ணன் மடியில வச்சுக் குத்துனது. இடது காது சின்னண்ணன் மடியில.”

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான். ஒரு தாய்மாமன் இருந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு பேர் இருந்தால் பெரியவர் மடி என்று போய்விடும். இப்படிக் காதுக்கு ஒருத்தர் என்று பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் விஷயம் வந்தது. மூத்த பெண்ணுக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில் தம்பி பெயர் மேலே, அண்ணன் பெயர் கீழே வந்துவிட்டது. அச்சகத்தில் யாரோ முன்பின்னாகக் கோத்த எழுத்து. யாரும் கவனிக்கவில்லை, ராசாங்கத்தைத் தவிர. சீர்த் தட்டுகளோடு மண்டப வாசல் வரைக்கும் வந்தவர், தட்டுகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, “பத்திரிகைல மேல இருக்கவன் மடியிலயே புள்ளைய ஒக்கார வைங்க” என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். தவமணிக்கும் ரோஷம். ‘நானா அச்சடிச்சேன்?’

அன்றிலிருந்து நாலு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஒருத்தர் வந்திருந்தால் இன்னொருத்தர் செல்வி வீட்டுப் படி ஏறுவதில்லை. இந்தக் காதுகுத்துக்கு இரண்டு பேரையும் ஒரே மண்டபத்துக்குள் கொண்டுவரத்தான் செல்வி காதைப் பாகம் பிரித்தாள். வந்தார்கள். ஆளுக்கு ஒரு காது குத்தினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

“ரெண்டு பேரும் சேந்து நிக்கிறது இது ஒண்ணுதாண்ணே. பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப்போறேன். வார ஞாயித்துக்கிழம கறிச்சோறு. நீதான் வந்து ஆணி அடிக்கணும்னு ரெண்டு பேருட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தருக்கு ஒருத்தரு வாரது தெரியாது.”

“சரிம்மா. இதுல என்ன எழுதணும்?”

“ரெண்டு பேரு பேரும்.”

மெல்ல நழுவப் பார்த்தேன். “பேரே போடாம விட்டா என்ன?”

“இன்னாரு மடியிலதான் குத்துனதுன்னு பேரு போட்டு மாட்டுறேன்னு சொல்லித்தாண்ணே பெரியண்ணனைக் காதுகுத்துக்கே வர வச்சேன். போடலேன்னா அதுக்கும் கோவிச்சுக்கும். முன்ன பின்னப் போட்டாலும் கோவிச்சுக்கும். இந்தத் தடவ போச்சுன்னா அவ்வளவுதான். அப்புறம் நான் என் வீட்டுல உக்காந்துக்கிட்டு ரெண்டு அண்ணனையும் போட்டோலதான் பாத்துக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அவள் கணவர் பாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். வாசலோடு நின்றுகொண்டு, “நான் இதுல இல்லண்ணே” என்றார். விவரமான மனிதர்.

இன்னொரு ஆபத்தும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்வி என்னையும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் கணக்கில் நானும் ஒரு தாய்மாமன். நல்லவேளை, பிள்ளைக்குக் காது இரண்டுதான்.

வேலையை ஆரம்பித்தேன். போட்டோவைச் சுற்றி நாலு பக்கமும் பார்டர் கட்டினேன். கீழே வழக்கம்போல ‘இடமிருந்து வலம்’ என்று அடித்துவிட்டு நின்றேன். இடது பக்கம் நிற்பது யார்? தவமணி. அப்படியானால் முதல் பெயர்? போச்சு. அச்சகத்துக்காரன் செய்ததையே நானும் செய்யவா கம்ப்யூட்டர் வாங்கினேன்?

‘வலமிருந்து இடம்’ என்று மாற்றினேன். செல்வி எட்டிப் பார்த்தாள். “அப்பிடி யாராச்சும் போடுவாங்களாண்ணே? என்னயக் கடைசில போடுறதுக்காக எழுத்தையே மாத்திட்டீங்களான்னு சின்னண்ணன் கேக்கும்.”

நியாயம்தான். மேல் பார்டரில் ஒருவர், கீழ் பார்டரில் ஒருவர்? பத்திரிகையில் சண்டை வந்ததே மேலே கீழேயால்தான்!

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்கிற நாள்களில்தான் எனக்கு ஆபத்து.) அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அமுக்கினால் படம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திரும்பிவிடும். அமுக்கினேன். ராசாங்கம் இடது பக்கம் வந்தார். தவமணி வலது பக்கம் போனார். இப்போது ‘இடமிருந்து வலம்: ராசாங்கம், தவமணி’. அண்ணன் முதலில். தம்பி கேட்டால், ‘நீங்க நின்ன இடம் அப்படி’ என்று சொல்லிவிடலாம்!

எழுந்து நின்று செல்வியை ஒரு பார்வை பார்த்தேன். பரிசு வாங்கப் போகிறவன் பார்வை.

செல்வி திரையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“அண்ணே... காது?”

“என்ன காது?”

“கடுக்கன் இடது காதுல இருக்கு! வலது காது பெரியண்ணன் காதுல்ல? இதப் பாத்தா, புள்ளைக்கு மொதக் காதே சின்னண்ணன் மடியிலதான் குத்துனாங்கன்னு ஆயிரும். பெரியண்ணன் மடியில காது குத்தவே இல்லன்னு ஆயிரும்ணே!”

படத்தைத் திருப்பினால் பிள்ளையின் காதும் சேர்ந்து திரும்பும் என்பது எனக்குத் தோன்றவில்லை. நல்ல தாய்மாமன் நான்! ஒரு அமுக்கலில் ஒருத்தர் காதைப் பிடுங்கி இன்னொருத்தர் மடியில் வைத்துவிட்டேன். படத்தைப் பழையபடி திருப்பினேன்.

சனிக்கிழமை மதியம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டாக வேண்டும். மரியாதையால் சமாளித்துவிடலாம் என்று ஒரு நீளமான வாக்கியம் அடித்தேன். ‘அன்பு மருமகனின் காதணி விழாவில் அவனைத் தம் மடிகளில் ஏந்தி மகிழும் பாசமிகு தாய்மாமன்மார்களாகிய...’ பெயர்கள் வருவதற்குள் கீழ் பார்டர் தீர்ந்துபோனது. மிச்சத்தை எங்கே வைப்பது? திருப்பிப் பக்கவாட்டில் ஏற்றினேன். அங்கேயும் இடம் போதவில்லை. மேலே கொண்டுபோனேன்.

டீயோடு வந்த மனைவி திரையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“என்னங்க இது, நாலு மாசி வீதியையும் சுத்தி வார மாதிரி இருக்கு? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே தெரியலையே!”

சட்டென்று எனக்குப் பொறி தட்டியது என்று எழுத ஆசைதான். தட்டவில்லை. டீயைக் குடித்தேன். கரன்ட் போனது. அடித்துவைத்த மரியாதை அத்தனையும் சேமிக்காமலே போனது.

விசிறிமட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் சொன்னது திரும்ப வந்தது. மாசி வீதிகள், கோயிலைச் சுற்றிச் சதுரமாக ஓடுகிற நாலு தெரு. தேருக்கு வேண்டுமானால் புறப்படுகிற இடமும் நிலைக்கு வருகிற இடமும் உண்டு. பாத்திரக் கடை தேடி அலைகிற நமக்கு உண்டா? கீழ மாசி வீதியில் நுழைந்து, தெற்கில் திரும்பி, மேற்கில் டீ குடித்து, வடக்கில் வழி கேட்டால், மறுபடி கீழ மாசி வீதி. எந்த வீதி முதல் வீதி என்று யாராவது சண்டை போட்டிருக்கிறார்களா?

கரன்ட் வந்ததும் ஓடினேன். மரியாதையெல்லாம் வேண்டாம். நாலு பார்டர், நாலே வார்த்தை. வலது பக்கம் ராசாங்கம் நிற்கிற ஓரமாக, மேலிருந்து கீழே, ‘ராசாங்கம்’. அப்படியே திரும்பி, கீழ் பார்டரில் ‘தம்பி’. அப்படியே திரும்பி, இடது பக்கம் தவமணி நிற்கிற ஓரமாக, கீழிருந்து மேலே, ‘தவமணி’. மறுபடி திரும்பி, மேல் பார்டரில் ‘அண்ணன்’. அதிலிருந்து திரும்பினால்... ராசாங்கம்!

செல்வி வந்தாள். விரலைத் திரையில் வைத்து ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று வந்தாள்.

“இதுல யாருண்ணே முன்னாடி?”

“நீயே சொல்லேன்.”

அவள் மூன்றாவது சுற்றும் போனாள். “தெரியலயே...” என்றாள். அப்புறம், “புள்ள பேரு?”

“அவன்தான் நட்டநடுவுல நிக்கிறானே. இந்த வாயைப் பார்த்த பிறகும் யார்னு கேக்கிறவனுக்குப் பேர் சொல்லி என்ன ஆகப்போகுது?”

“கோவிச்சுக்க மாட்டாங்கள்லண்ணே?”

எனக்கு எப்படித் தெரியும்? “ஃபிரேமுக்குக் குடுத்துரலாம்” என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை. ராசாங்கம் ஒரு மூட்டை நிலக்கடலையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தவமணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு பிரேக் போட்டார். செல்வி பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டதால் வேறு வழியில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தார். ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார். ஒருத்தர் காலண்டரைப் பார்த்தார். பாண்டி, “தேங்கா இல்ல, வாங்கிட்டு வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். உள்ளே கூடை நிறையத் தேங்காய் இருந்ததை நான் பார்த்தேன்.

குற்றவாளியான நான் பேப்பர் சுற்றிய ஃபிரேமோடு நடுவில் நின்றேன்.

“கண்ணாடி கனக்கும்ணே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க” என்று செல்வி அதை வாங்கி இருவரின் முழங்காலிலும் வைத்தாள். பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். பிடித்தார்கள்.

ராசாங்கம்தான் ஆரம்பித்தார். “ஏத்தா செல்வி, அந்தப் பக்கம் பிடிச்சிருக்கவரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லு. எழுத்து தெரியல.”

“செல்வி, தூக்கித்தான் இருக்கு. அவரைக் கண்ணாடியப் போடச் சொல்லு.”

“கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு.”

“நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?” என்றாள் செல்வி.

ராசாங்கம் மேல் பார்டரைப் படித்தார். “அண்ணன். சரி. பேரக் காணமே?”

“வலது பக்கம்ணே. தலையைக் கொஞ்சம் இப்படிச் சாய்ச்சீங்கன்னா...” எதிரே நின்று நானே சாய்த்துக் காட்டினேன். அப்போதே கழுத்தில் ‘கரக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கவனிக்க நேரமில்லை.

“ரா... சாங்... கம். சரிதான். அப்புறம்?”

“கீழ.”

“என்னப்பா, கீழ தலகீழா இருக்கு? என்னமோ... தம்பி...”

“யாரு தலகீழா?” காலண்டரை விட்டுத் தவமணியின் தலை திரும்பியது. “தம்பின்னா தலகீழாத் தொங்கணுமா? சார், இதத்தான் எழுதிக் குடுத்தீங்களா?”

செல்வியின் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தோம் என்று இருந்தது. இன்னொரு நாலு வருஷத்துக்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன்!

“திருப்பிப் பாருங்க... திருப்பினா நேராயிரும்...” என்றேன்.

இருவரும் திருப்பினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். ஃபிரேம் நடுவில் நின்று முறுக்கிக்கொண்டது. கண்ணாடி ‘கிறீச்’ என்றது.

“டேய், ஒடஞ்சுரப் போகுது! இந்தப் பக்கம் திருப்புடா!”

“எந்தப் பக்கம்ணே?”

அவ்வளவுதான்.

செல்வியின் கையில் இருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை. ராசாங்கம் தொண்டையைச் செருமினார். தவமணி ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோத்தாங்கைப் பக்கம்” என்றார் ராசாங்கம், மெதுவாக.

டவுன் பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கை. நெரிசலில் வண்டியை ஒடித்துத் திருப்புகிற மாதிரி, அலுங்காமல் திருப்பினார். ‘தம்பி’ நேராக மேலே வந்தது. ‘அண்ணன்’ கீழே போய்த் தலைகீழானது.

தவமணி எட்டிப் பார்த்தார். “இப்ப நீதாண்ணே தொங்குற.”

“ஆமாடா, தொங்குறேன். சந்தோசமா? திருப்பு.”

திருப்பினார். ராசாங்கம் சத்தமாகப் படித்தார்: “ராசாங்கம்... தம்பி... தவமணி... அண்ணன்... ராசாங்கம்... தம்பி... தவமணி...” ஃபிரேம் சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் பிள்ளை வாயைத் திறந்தபடி ரங்கராட்டினம் ஆடினான்.

“எங்கண்ணே முடியுது?”

“முடியலையேடா” என்றார் ராசாங்கம்.

அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூசி என்றார். செல்வி அடுப்படிக்குள் போனாள். வெளியே வர நேரமானது; வெங்காயம் என்றாள். குழம்பு கொதித்து முடித்த பிறகு என்ன வெங்காயம்? நான் கேட்கவில்லை. எனக்குக் கழுத்து வலி.

கறிச்சோறு பிரமாதம். பாண்டி தேங்காயோடு திரும்பி வந்தபோது மச்சினன்மார் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வேகத்தில் பாண்டியும் உட்கார்ந்துவிட்டார். “நான் சொன்னேன்லண்ணே, எல்லாம் சரியாயிரும்னு” என்றார் என்னிடம். எப்போது சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆணி மட்டும் அடிக்கவில்லை. சுத்தியலை எடுத்தபோது ராசாங்கம் தடுத்துவிட்டார். “அடிச்சா ஒரு பக்கந்தான மேல இருக்கும்? கெடக்கட்டும். அடுத்த தடவ வாரப்பப் பாத்துக்குவோம்.” சாயங்காலம் தவமணியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். தெருமுனை வரை, ‘மெதுவாப் போடா’, ‘மெதுவாத்தாண்ணே போறேன்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத்தான் ஒரு சந்தேகம் தீர்ந்தது. படத்துக்குக் கீழே நறுக்கென்று நாலு வார்த்தை எழுதுவது எதற்கு? பார்க்கிறவர் யாரையும் கேட்காமல் புரிந்துகொள்வதற்கு. அப்படித்தான் நானும் நினைத்து, ஓர் ஆல்பத்தையே ஊமையாக்கினேன். கேட்காமல் புரிந்துவிட்டால் அப்புறம் பக்கத்தில் இருக்கிறவர் எதற்கு? கொஞ்சம் புரியாமல், கொஞ்சம் கோணலாக எழுதினால்தான் ‘இங்க என்ன போட்டிருக்கு’ என்று ஒரு வாய் திறக்கிறது.

புது ஆல்பத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். பழைய ஆல்பம் மறுபடி ஹாலுக்கு வந்திருக்கிறது. மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். ‘என் மனைவி’ படத்தை மட்டும் அவளே எடுத்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

நேற்று செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த போட்டோ டி.வி. மேல் படுத்திருக்கிறது. தண்ணீர் கேன் போட வந்தவர் அதைக் கையில் எடுத்து, ஸ்டியரிங் மாதிரி சுற்றிக்கொண்டு, “இதுல யாருங்க அண்ணன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். செல்வி அவருக்குப் பத்திரிகை அடித்த நாளிலிருந்து ஆரம்பித்து, வலது காது, இடது காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

எனக்குக் கலந்துவைத்த காபி மேடையிலேயே ஆறிப்போயிருந்தது. சந்தோஷமாக எடுத்துக் குடித்தேன்... இடது பக்கமாகத்தான்.